முந்தியில ஏறுன உலகப்போர்

ஏய் ரேடியோ! கேக்குதா? எங்க கீற நீ? அங்கயாவது வாய மூடிகினு கீறியா?

ரேடியோன்னா எங்கண்ணி. எங்கண்ணன் பொண்டாட்டி. அது அவ பேரு இல்ல. ஆனா ஆரணில எங்க தெருவுல நின்னு அவளோட நெஜ பேர சொல்லி கூப்பிட்டா அவளே திரும்பி பாக்க மாட்டா. யாரையோ கூப்பிடறாங்கன்னு அவ பாட்டுக்கு பேசிகினே போவா. எட்டாவது படிக்கும்போது நான்தான் அந்த பேர வெச்சேன். முள்ளிப்பட்டுலேர்ந்து பஸ்ல வருவா. பஸ்ல ஆரம்பிச்ச பேச்ச கிளாஸுக்குள்ள வந்தும் நிறுத்த மாட்டா. டீச்சர் வந்தா சவுண்ட மட்டும் கம்மி பண்ணுவா. ஸ்டேஷன மாத்தவே மாட்டா.

எட்டாவதோட நானும் நின்னேன், அவளும் நின்னா. நான் எங்கூட்டு தறில உக்காந்தேன். அவ அவங்கூட்ல நூலு சுத்த உக்காந்தா. அதுக்கப்புறம் அவள நான் மறந்தே போயிட்டேன். ஒரு நாளு எங்கம்மா, அண்ணனுக்கு பொண்ணு பாக்க முள்ளிப்பட்டு போலாம்னு கூட்டிகினு போச்சு. போய் உக்காந்தா, தட்டுல காபி எடுத்துகினு ரேடியோ வருது! ஒரே பெஞ்சுல உக்காந்து என் டிபன் பாக்ஸ தின்னவ, இப்ப தலைய குனிஞ்சிகினு நிக்கறா. எனக்கு சிரிப்ப அடக்க முடியல. எங்கண்ணன் ஒரு நாளைக்கு மொத்தமா நாலு வார்த்த பேசற ஆளு. அதுல ரெண்டு "ம்". அவனுக்கு இவளா? அம்மா எங்கிட்ட ரகசியமா கேட்டுச்சு, "பொண்ணு ரொம்ப அமைதியா கீதேடி, நம்ம பையனும் இப்படி, வூட்ல பேச்சு சத்தமே இருக்காதே?"

தானா தெரிஞ்சிக்கட்டும்னு விட்டுட்டேன். கல்யாணத்துக்கு மறுநாளே தெரிஞ்சிகிச்சு.

இத நான் எழுதறதுக்கு காரணம் அவளும் நானும் பத்தாவது எழுத கெளம்புன கதை. சொல்றேன்.

எங்க தெரு முனைல காலைல ஒரு பஸ்ஸு வந்து நிக்கும். செய்யாறு பக்கம் செருப்பு செய்யற கம்பெனி பஸ்ஸு. பொண்ணுங்க எல்லாம் தலைய படிய சீவிகினு, கழுத்துல டேகு மாட்டிகினு ஏறுவாங்க. போட்டோ போட்ட டேகு. அண்ணி வாசல் தெளிச்சிகினே அத பாப்பா. தண்ணி தீந்துடும், கை மட்டும் தெளிச்சிகினே இருக்கும்.

"அந்த டேக பாத்தியா?" அப்டின்னு ஒரு நாளு எங்கிட்ட சொன்னா. "தாலி எல்லார் கழுத்துலயும் கீது. டேகு யாருக்கு கீது? நம்ம மூஞ்சி, நம்ம பேரு. கீழ நம்பர் வேற. தொலஞ்சி போனா கூட கண்டுபுடிச்சிடுவாங்க."

"அதுக்கு பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும்டி."

"அப்ப பண்ணிடுவோம்."

காபி போட்டுடுவோம்ன்ற மாதிரி சொன்னா. அன்னைக்கே சாப்பாட்டுக்கு ஒக்காந்து எல்லாருக்கும் சொல்லிட்டா. தனியா பரீட்ச எழுதறவங்களுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டுடோரியல் கீதாம், நானும் நாத்தனாரும் சேரப் போறோம்னு. அண்ணன் "ம்"னான். அம்மாதான் ஆரம்பிச்சிச்சு.

"தறிய யாரு ஓட்டறது? அந்த டேகா?"

"கோச்சிக்காதீங்க அத்த. மொத டேகு வந்ததும் உங்களுக்கும் ஒண்ணு செஞ்சி தரேன். போட்டோ போட்டு கீழ மாமியார்னு எழுதி."

"ஏன், என் மூஞ்சிய பாத்தா தெரியலயா?"

"தெரியுது அத்த. வெளியாளுங்களுக்கு தெரியணும் இல்ல, கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்."

அண்ணன் சோத்துல புரையேறி இருமுனான். அவன் சிரிச்சா அப்டித்தான் இருக்கும்.

டுடோரியல்ல சேந்தோம். அங்க ஒரு சாரு. மொத நாளே பாடம் இல்ல, டென்ஷன் இல்லாம படிக்கறது எப்படின்னு லெக்சர். "ஸ்டூடண்ட்ஸ், எல்லாத்துக்கும் பிளானிங் வேணும். பிளான் இல்லன்னா ஸ்ட்ரெஸ். ஸ்ட்ரெஸ் வந்தா மார்க் போச்சு." காலைல வெள்ளன எழுந்திரிங்க, தண்ணி குடிங்க, டைம்டேபிள் போட்டு செவுத்துல ஒட்டுங்க, மூச்ச நல்லா இழுத்து விடுங்க, மனசுல இருக்கற கவலைய எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி கிழிச்சி போடுங்க. இப்படியே பேசி பேசி கிளாஸு முடியற நேரம் ஆயிடுச்சு. கடசியில கைல இருந்த புக்க பாத்துட்டு, "அய்யய்யோ, இன்னைக்கு சயின்ஸ் நடத்தணுமே"ன்னாரு.

எனக்கு அன்னைக்கே நம்பிக்க போயிடுச்சு. அண்ணிக்கு வந்துடுச்சு.

மொதல்ல கவலைய எழுதி கிழிச்சா. அவளுக்கு வாய்தான் பெருசுன்னு நெனச்சிருந்தேன், கவலையும் பெருசு. எழுதி எழுதி கிழிச்சி போட்டா. தறிக்குழிக்குள்ள, அடுப்பங்கரைல, வாசல்ல எல்லா எடத்துலயும் அண்ணியோட கவல. அம்மா துடப்பத்த எடுத்துகினு வந்துச்சு. "யாரு கவலடி இது? அவங்கவங்க கவலய அவங்கவங்க பெருக்குங்க. எனக்கு என் கவலய பெருக்கவே நேரம் இல்ல."

அப்புறம் மூச்சு. தறில ஒக்காந்து மிதிக்கும்போது இழுக்கணும், அடிக்கும்போது விடணும்னு அவளே ஒரு கணக்கு போட்டா. மூச்ச கவனிச்சிகினே நெஞ்சதுல குறுக்க நூலு கொண்டு போற நாடாவ கவனிக்கல. உள்ள நூலு தீந்துபோன நாடா சும்மா இந்தப்பக்கம் அந்தப்பக்கம் போய் வந்துகினு இருக்குது, இவ கண்ண மூடிகினு ஆஹா, ஓஹோன்னு மூச்சு வுட்டுகினு கீறா. "டென்ஷனே இல்லடி"ன்னா. தறில சேலையும் இல்ல.

டைம்டேபிள்தான் பெரிய கூத்து. பழைய காலண்டர் தாளுக்கு பின்னாடி ஸ்கேல் வெச்சி கட்டம் போட்டா. ஸ்கெட்ச் பேனா வாங்கினா. தமிழுக்கு பச்ச, இங்கிலீஷுக்கு செவப்பு, கணக்குக்கு கருப்பு. "கணக்குக்கு வேற கலர் வராதுடி." கலரு அடிக்கறதுக்கே ஒரு வாரம் ஓடிப்போச்சு. அந்த வாரம் ஒரு எழுத்து படிக்கல. கேட்டா, "இது அடித்தளம்"ன்றா. செவுத்துல ஒட்டுனதும் அம்மா வந்து கிட்டக்க நின்னு பாத்துச்சு. அம்மாக்கு படிக்க வராது.

"இந்த மஞ்ச கட்டம் இன்னாடி?"

நான் படிச்சி காட்டுனேன். "சாயந்தரம் ஆறு மணி. அத்தையோட சண்ட."

அண்ணி மூஞ்சி செத்துப்போச்சு. "அது வந்து அத்த... சாரு சொன்னாரு, தினமும் நடக்கறத எல்லாம் பிளான்ல சேத்துடணும், இல்லன்னா படிப்பு நேரத்த அது தின்னுடும்னு..."

அம்மா கட்டத்து மேல வெரல வெச்சிச்சு. அப்புறம் சொல்லிச்சு, "சாயந்தரம் எனக்கு சீரியல் கீது. காலைக்கு மாத்து."

மாத்துனா. நெஜமாவே மாத்துனா. ஆனா காலைல அந்த கட்டம் வரும்போது அம்மா பால் வாங்க போயிடும். நேரம் ஒதுக்கி வெச்சா சண்டயும் வராது போல. ஒதுக்காத நேரத்துலதான் வந்துச்சு.

அந்த டைம்டேபிள் ஒரு நாளு கூட உருப்படியா ஓடல. கரண்டு போகும். ஒறமொற வரும். பட்டும் ஜரிகையும் குடுக்கற எங்க முதலாளி போன் பண்ணி "ஜல்தி முடிங்கப்பா, கல்யாணத்துக்கு கேக்கறாங்க"ன்னுவாரு. ஒரு கட்டம் தவறுனா அது அடுத்த கட்டத்த தள்ளும். புதன்கெழம வரும்போது அண்ணி இன்னும் திங்கக்கெழமைல நின்னுகினு இருப்பா. ஒரு நாளு செவுத்த பாத்துகினே அழுதுட்டா. எனக்கு பயமாயிடுச்சு. அவ அழுதா சத்தம் வராது. பேசறவ சத்தம் இல்லாம அழுதா பாக்கவே முடியாது.

"எல்லா கட்டமும் ஒரே நேரத்துல என்னயே மொறைக்குதுடி"ன்னா. "ஒண்ணா ரெண்டா? செவுரு பூரா கடங்காரனுங்க மாதிரி நிக்குது. எத பாக்கறது நான்?"

அப்புறம் மூக்க சிந்திட்டு, மூஞ்ச மேல தூக்கி பரண பாத்தா. பாத்துகினே இருந்தா. அழுக நின்னு போச்சு. எனக்கு புரிஞ்சிபோச்சு, அடுத்த பேஜாரு பரண்லேர்ந்து வருதுன்னு.

பட்டுச்சேலை முந்தில மயிலு, மாங்கா எல்லாம் வருதில்ல, அது எப்படி வருதுன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். தறிக்கு மேல ஜக்கார்டுன்னு ஒரு பெட்டி இருக்கும். ஓட்ட போட்ட அட்டைங்கள வரிசையா கோத்து மால மாதிரி அதுல மாட்டுவோம். ஒரு மிதிக்கு ஒரு அட்ட. அட்டைல ஓட்ட எங்க கீதோ அதுக்கு ஏத்த மாதிரி நீளவாக்குல ஓடற பாவு நூலு மேல தூக்கும். அட்ட வரிசையா வந்தா மயிலு வரிசையா வரும். மால முடிஞ்சா மறுபடி மொத அட்ட வந்துடும். கரைக்கு ஒரு மால, முந்திக்கு வேற மால.

பரண்ல ஒரு மூட்டைல பழைய அட்ட கெடந்துச்சு. எப்பவோ ஓடுன ஒரு மயிலு டிசைன். எலி தின்னு பாதி போச்சு. மீதிய அண்ணி எறக்குனா. ஒவ்வொரு அட்டைலயும் ஓட்ட இல்லாத எடமா பாத்து சோசியல் கேள்வி ஒண்ணு எழுதி, பின்னாடி பதில் எழுதுனா. பெரிய பதில்னா ஒரு பாயிண்டுக்கு ஒரு அட்ட. எல்லாத்தையும் பாட வரிசைப்படி புதுசா கோத்து, நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஒக்கார்ற தறிக்கு பக்கத்துல தொங்க வுட்டா. நெஞ்சிகினே ஒரு இழு இழுத்தா ஒரு அட்ட மூஞ்சிக்கு நேரா வரும். படிச்சிட்டு சொல்லிப்பாக்கணும். வந்தா அடுத்த அட்ட. வரலன்னா அங்கயே நில்லு.

"மத்தது எல்லாம் மேல கீது பாரு, கண்ணுக்கு தெரியாது"ன்னா. "இந்த ஒரு அட்டதான் நம்ம வேல. எந்த நெசவாளியாவது மொத மிதிலயே மொத்த மயிலையும் நெனச்சி அழுவறானா? கரண்டு போனா போவட்டும். வுட்ட அட்டைலேர்ந்து ஆரம்பிச்சிக்கலாம். திங்கக்கெழம புதன்கெழம எல்லாம் அதுக்கு தெரியாது."

டைம்டேபிள கிழிச்சி அடுப்பு பத்த வெச்சிட்டோம். சொன்னா நம்ப மாட்டீங்க, படிப்பு ஏற ஆரம்பிச்சிச்சு. தூக்கம் வந்துச்சு. சாரு சொன்ன ஸ்ட்ரெஸ்ஸு எங்க போச்சுன்னே தெரியல. அண்ணி ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு கத சேத்துக்குவா. முதல் உலகப்போருக்கு காரணம் இன்னா? மொத பாயிண்டு, நாடுங்க கூட்டணி சேந்தது. "உங்கம்மாவும் எதிர்வூட்டுக்காரங்களும்." ரெண்டாவது, நாட்டுப்பற்று தலைக்கேறுனது. "முள்ளிப்பட்ட பத்தி யாராவது கொற சொன்னா எனக்கு ஏறுதில்ல, அது." மூணாவது, ஜெர்மனி ராஜாவோட ஆணவம். "இதுக்கு நான் விளக்கம் சொல்லணுமா?" அப்டின்னு அடுப்பங்கர பக்கம் கண்ண காட்டுவா. நாலாவது பால்கன் சண்ட. "அது வாசல்ல கோலம் போடற எடத்தகராறு." கடசி, இளவரசர சுட்டது. அதுக்கு மட்டும் எங்கூட்ல ஆளு கெடைக்கல.

எல்லாம் நல்லா போச்சு. அட்டைய எங்க தொங்க வுட்டான்றதுலதான் வந்துச்சு வின.

நாங்க மாட்டுன ஆணி, அண்ணன் அவனோட முந்தி அட்டைய மாட்டி வெக்கற ஆணிக்கு பக்கத்து ஆணி. ஒரு நாளு வூட்ட பெருக்கும்போது ரேடியோ ரெண்டையும் எறக்கி, பேசிகினே துடைச்சி, பேசிகினே மாத்தி மாட்டிட்டா. அன்னைக்கு பாத்து முதலாளி போன்ல பிடுங்கறாரு. அண்ணன் சேல ஒடம்பு முடிச்சி முந்திக்கு வந்துட்டான். கரை அட்டைய கழட்டிட்டு, ஆணிலேர்ந்து வழக்கமா எடுக்கறத எடுத்து பெட்டில மாட்டுனான். அட்ட மேல எழுத்து இருந்தா கண்ணுக்கு படாதான்னு கேப்பீங்க. பழைய அட்டைல எப்பவும் நம்பரு, கிறுக்கலு, யாரோ ஒருத்தர் போன் நம்பரு எல்லாம் இருக்கும். யாரு படிக்கறா? அதுல எங்கண்ணன் வேற.

எங்க தறில சேலையோட நல்ல பக்கம் கீழ்ப்பக்கமா வரும். நடுநடுவுல கீழ கண்ணாடி புடிச்சி பாத்தாதான் டிசைன் தெரியும். அவன் அவசரத்துல ஒரு ஜாண் நெஞ்சிட்டு கண்ணாடி புடிச்சான். புடிச்சவன் அப்டியே ஒக்காந்துட்டான்.

"யம்மா."

அவன் வாயிலேர்ந்து கேக்காமயே ஒரு வார்த்த வந்ததும் நாங்க ஓடிப்போய் பாத்தோம். கண்ணாடில மயிலு இருந்துச்சு. மயிலோட காலு தல மேல இருந்துச்சு. தோக இருக்கற எடத்துல மூக்கு. அதுக்கு மேல அர மாங்கா. அப்புறம் இன்னொரு காலு. ஜரிகைல தகதகன்னு மின்னுது எல்லாம்.

"இன்னாடா இது, மயிலு மேல லாரி ஏறிடுச்சா?" அப்டின்னுச்சு அம்மா.

அண்ணன் பெட்டிக்கு மேல எட்டி அட்டைய பாத்தான். எழுத்துக்கூட்டி படிச்சான். "முதல்... உலகப்போருக்கான... காரணங்கள்..." படிச்சிட்டு மெதுவா பொண்டாட்டி பக்கம் திரும்பினான்.

ரேடியோ ஆஃப் ஆயிடுச்சு. அப்புறம் சின்ன சவுண்டுல ஆன் ஆச்சு. "அதாங்க... உலகப்போரு இல்லயா... அதான் மயிலுக்கு கை காலு போயிடுச்சு."

நான் பயந்துட்டேன், இன்னைக்கு அண்ணன் அட்டைய கிழிச்சி போட்டுடுவான், படிப்பு முடிஞ்சிச்சுன்னு. அம்மாவும் அதுக்குத்தான் வாய தொறந்துச்சு. ஆனா அண்ணனுக்கு புரையேறிச்சு. சோறு இல்ல, தண்ணி இல்ல, சும்மாவே புரையேறிச்சு. தறிய புடிச்சிகினு இருமுறான், கண்ணுல தண்ணி வருது. அம்மா முதுவுல தட்டுது. ஆனா ரெண்டு தட்டுக்கு அப்புறம் அம்மாவுக்கும் தாங்கல.

சிரிச்சது போதும், பிரிக்கணுமே! நெஞ்சத பிரிக்கறது நெய்யறத வுட கஷ்டம். நூல இழுத்தா வராது. எந்த அட்டைல நெஞ்சமோ அதே அட்டைய மறுபடி கொண்டாந்து, அதே மாதிரி பாவ தெறந்து, அந்த இழைய நோவாம வெளிய எடுக்கணும். பெட்டிய பின்னாடி சுத்திகினே வரணும். கடசி அட்டைலேர்ந்து மொத அட்டைக்கு. அண்ணன் மிதிக்கறான். நானும் அம்மாவும் ஜரிகைய எடுக்கறோம். அண்ணி பெட்டிகிட்ட நின்னு எந்த அட்டன்னு பாத்து சொல்லணும். அவ சும்மா நம்பர் சொல்லுவாளா?

"இளவரசர சுட்டது! எடுங்க. பால்கன் சண்ட! எடுங்க. அடுத்தது... அத்த, இது உங்க அட்ட. ஜெர்மனி ராஜாவோட ஆணவம்!"

"எடுத்துட்டேன் போ"ன்னுச்சு அம்மா. "ராஜாவ வுட எனக்கு ஜாஸ்திதான்."

அன்னைக்கு பொழுது சாயற வரைக்கும் பிரிச்சோம். மால திரும்ப திரும்ப சுத்தி வந்துச்சு. உலகப்போரு எத்தன தடவ முடிஞ்சி எத்தன தடவ ஆரம்பிச்சிச்சுன்னு தெரியாது. பிரிச்சி முடிக்கும்போது எங்கூட்ல நாலு பேருக்கும் சோசியல் மனப்பாடம். ஆனா பின்னாடிலேர்ந்து முன்னாடி. அண்ணன் டீக்கடைல ஒக்காந்துகினு இருக்கும்போது யாரோ இளவரசன்னு ஒரு பையன கூப்பிட்டாங்களாம். இவன் அவன அறியாம "சுட்டது, பால்கன், ஆணவம்"னு முணுமுணுத்துட்டானாம். கடைல எல்லாரும் தள்ளி ஒக்காந்தாங்களாம். அவனே வந்து சொன்னான். அந்த வருஷம் அவன் பேசுனதுலயே பெரிய பேச்சு அதுதான்.

மழ நின்ன சமயத்துல அண்ணிக்கு காய்ச்சல் வந்துச்சு. சும்மா காய்ச்சல்னு கசாயம் குடிச்சிகினு, போர்வைக்குள்ளேர்ந்து எனக்கு கேள்வி கேட்டுகினு இருந்தா. அப்புறம் கேள்வி கம்மியாச்சு. டெங்குன்னாங்க. வேலூருக்கு தூக்கிகினு போனோம். ஆட்டோல போம்போது எங்கைய புடிச்சிகினு, "அட்டைய மறுபடி அந்த ஆணில மாட்டிடாதீங்கடி"ன்னா. அவ எங்கிட்ட முழுசா பேசுனது அதுதான் கடசி. ரெண்டு நாளு கழிச்சி நாங்க அவள தூக்கிகினு வந்தோம்.

இதுக்கு மேல அத எழுத எனக்கு வரல. வுட்டுடுங்க.

அதுக்கப்புறம் எங்கூடு எப்படி இருந்துச்சுன்னா, பொண்ணு பாக்க போனப்ப அம்மா பயந்துச்சு பாருங்க, பேச்சு சத்தமே இருக்காதேன்னு, அப்படி இருந்துச்சு. தறி சத்தம் மட்டும். காலைல ஒரு நாளு பால் வாங்க போன அம்மா வாசல்லயே நின்னுகினு, "சண்ட நேரம் ஆச்சேடி"ன்னு சொல்லிட்டு அழுதுச்சு.

பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்துச்சு. கம்ப்யூட்டர் கடைல போய் எடுத்தா, ரெண்டு பேருக்கும் வந்துச்சு. பக்கத்து பக்கத்து நம்பரு. நான் எழுதலன்னு சொல்லிட்டேன். எனக்கு எதுக்கு டேகு? டேகு ஆச அவளுது. நான் சும்மா அவகூட ஒட்டிகினு போனவ. அட்ட மாலய கழட்டி மூட்டைல போட்டு பரண்ல ஏத்திடலாம்னு எந்திரிச்சேன்.

அண்ணன் தறிலேர்ந்து எறங்கி வந்தான். மாலய எங்கையிலேர்ந்து வாங்கினான். எங்க தறிக்கு பக்கத்துலயே, வேற ஆணில மாட்டுனான். ஒரு இழு இழுத்தான்.

"முதல் உலகப்போருக்கு காரணம் இன்னா?"

நான் மூட்டைய சுருட்ட ஆரம்பிச்சேன்.

"சொல்லு."

"எனக்கு தெரியாது."

"தெரியும். நான் சொல்லவா? இளவரசர சுட்டது." மால பக்கமே பாக்காம "பால்கன் சண்ட"ன்னான். மூணாவதுக்கு வந்ததும் அடுப்பங்கர பக்கம் பாத்தான். அவள மாதிரியே. அங்கேர்ந்து அம்மா குரலு வந்துச்சு. "என் அட்டதானே? சொல்லுங்க, சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்கல."

அழுதுகினே சிரிச்சேன். அன்னைலேர்ந்து தெனமும் அண்ணன் மாலய இழுத்து கேள்வி கேட்டான். நாலு வார்த்த பேசற ஆளு, நாப்பது கேள்வி கேட்டான். ஒரு அட்ட தெரியலன்னா அதுக்கு மேல இழுக்க மாட்டான். "வுட்ட எடத்துலேர்ந்து ஆரம்பி, போதும்"னு சொல்லிட்டு தறிக்கு போயிடுவான். அவ சொன்னதத்தான் சொன்னான். எனக்கு தெரியும்னு அவனுக்கும் தெரியும்.

பரீட்ச ஹால்ல எனக்கு முன்னாடி பெஞ்சுல பழைய யூனிபார்ம் சட்டய பிரிச்சி தச்சி போட்டுகினு ஒரு சின்ன பொண்ணு. "அக்கா, நீங்கதான் சூப்பர்வைசரா?"ன்னு கேட்டுச்சு. "இல்லம்மா, நானும் உன்ன மாதிரிதான்"னேன். "அப்ப எக்ஸ்ட்ரா பேனா வெச்சிருக்கீங்களா"ன்னுச்சு. பக்கத்து பெஞ்சு காலி. பெஞ்சு மேல அண்ணியோட நம்பரு ஒட்டியிருந்துச்சு. பேரு இல்ல, நம்பரு மட்டும். மேடம் வந்து அந்த நம்பர ரெண்டு தடவ கூப்பிட்டு, ஆப்சென்டுன்னு எழுதிகினாங்க. வாழ்க்கைல ரேடியோவ கூப்பிட்டும் பதில் வராம இருந்தது அப்பதான்.

சோசியல் பரீட்சைக்கு கேள்வித்தாள திருப்புனா, உலகப்போரு. ஆனா எழுதலாம்னா மொத பாயிண்டு வரவே மாட்டேங்குது. இளவரசன்தான் வரான். வேற வழி இல்லாம நான் மொதல்ல அவர சுட்டுட்டேன். அப்புறம் சண்டைக்கு காரணத்த ஒண்ணு ஒண்ணா தேடிகினு மேல போனேன். திருத்துனவங்க இன்னா நெனச்சாங்களோ. மத்த கேள்வியும் அப்டித்தான், எல்லாம் கால்லேர்ந்து தலைக்கு. எங்க மயிலு மாதிரியே.

ரிசல்ட்டு போன்ல வந்துச்சு. அண்ணன்தான் பாத்தான். சோசியல்ல நல்ல மார்க்கு. தமிழ், சயின்ஸ் பாஸ். இங்கிலீஷ் எப்படி பாஸ் ஆச்சுன்னு இங்கிலீஷுக்கே தெரியாது. கணக்கு ஃபெயிலு. அண்ணன் தலைய சொறிஞ்சிகினே "கணக்குக்கு அவ அட்ட எழுதல இல்ல"ன்னான். ஆமா. கணக்கு அட்டைக்குள்ள அடங்காது, அத அப்புறம் பாத்துக்கலாம்னு வெச்சிருந்தா.

கம்பெனில கேட்டுப் பாத்தேன். அஞ்சும் பாஸ் பண்ணிட்டு வாங்கன்னுட்டாங்க. அதனால திரும்ப எழுதறேன். எலி தின்ன மீதி அட்ட இன்னும் கீது. ஒரு அட்டைக்கு ஒரு சூத்திரம்னு நானே எழுதிகினு வரேன், கருப்பு பேனாவுல. அடங்குது. அடங்காதுன்னு யாரு சொன்னது? இத எழுதும்போது பக்கத்துல அண்ணன் மாலய கோத்துகினு கீறான். வெள்ளன பஸ்ஸு வந்து நிக்கும்போது நானும் இப்ப வாசல் தெளிச்சிகினு அந்த டேகுங்கள பாக்கறேன். எனக்கு டேகு வந்தா மொதல்ல அவ போட்டோ முன்னாடி மாட்டி வெச்சிட்டு, ஒரு நாளு கழிச்சி எடுத்துக்கலாம்னு அம்மா சொல்லுது. பாக்கலாம்.

இத படிச்சவங்க எனக்காக வேண்டிக்குவீங்கன்னு தெரியும். வேண்டாங்க. கணக்க நான் பாத்துக்கறேன், அட்ட அட்டயா. நீங்க எல்லாரும் எந்த சாமிய கும்பிடுவீங்களோ அந்த சாமிகிட்ட எங்கண்ணிக்காக வேண்டிக்கங்க. அவ நல்லா இருக்கணும். அவ பக்கத்துல பொறுமையா காது குடுக்கற ஒரு ஆளு ஒக்காந்திருக்கணும். சாமிக்கே நேரம் இருந்தா, சாமியே ஒக்காரட்டும். கொஞ்சம் சவுண்டா இருக்கும், கோச்சிக்க வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க.